செல்லாக் காசு சொல்லும் சேதி

(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடலில் மருங்காபுரி உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பேசும் தலைப்பைப் போர்டில் பார்த்துவிட்டு நண்பர் ஒருவர், "என்னப்பா, பேங்க்ல இருந்தவங்க எல்லாம் சும்மா உக்காந்திருக்காங்க, பொன்மலை ஒர்க் ஷாப்புல இரும்பு அடிச்சவன் நீ பணத்தைப் பத்திப் பேசுறியே!" என்று கேட்டார். நான் பேசப்போவது பணத்தைப் பற்றி அல்ல ஐயா, காசைப் பற்றி. அதிலும் செப்புக் காசு. கெமிஸ்ட்ரி படித்ததற்கும் ஒர்க் ஷாப்பில் அச்சும் சம்மட்டியுமாக இருந்ததற்கும் சேர்த்து இந்த வயதில் கிடைத்த பொழுதுபோக்கு இது.

தங்கக் காசுக்கு யாரும் சிபாரிசு செய்ய வேண்டியதில்லை. 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயில் வளாகத்தில் மண்ணை வெட்டியபோது ஒரு பாத்திரத்தில் 505 தங்கக் காசுகள் கிடைத்தன. மறுநாள் எல்லாப் பேப்பரிலும் படம். எடை 1 கிலோ 716 கிராம் என்பது வரைக்கும் ஊருக்கே மனப்பாடம். ஆனால் நம்ம காவேரியில், கரூர் அமராவதியில், மதுரை வைகையில் வருஷா வருஷம் மணலை அரிக்கிறவர்களின் கையில் வந்த செப்புக் காசுக்கு யார் படம் போட்டார்கள்? எடைக்குப் போனது, உருக்கிப் போனது, குழந்தைகள் விளையாடித் தொலைத்தது, இப்படித்தான் அதன் கதை.

ஆனால் யோசித்துப் பாருங்கள். தங்கக் காசை அந்தக் காலத்தில் எத்தனை பேர் கையில் தொட்டிருப்பார்கள்? அது அரண்மனைப் பெட்டியிலிருந்து கோயில் பெட்டிக்குப் போகும், அங்கேயிருந்து பூமிக்குள்ளே போகும். கீரைக்காரி மடியில் இருந்தது செப்புக் காசு. மணப்பாறை மாட்டுச் சந்தையில் தரகன் துண்டுக்குள் விரலைப் பிடித்துப் பெரிய தொகையைப் பேசி முடித்தபின், பக்கத்தில் மோர் வாங்கிக் குடிக்கக் கொடுத்ததும் செப்புக் காசுதான். நம்ம பேச்சிலேயே பாருங்கள்: காசு, சல்லி, துட்டு, தம்பிடி. 'துட்டு' என்பது டச்சுக்காரர்களின் 'டியுட்' என்ற செப்புக் காசிலிருந்து வந்த சொல். நம்ம 'காசு' என்பதைப் போர்ச்சுக்கீசியர் வாயில் வாங்கி, ஆங்கிலேயர் கைக்குப் போய், 'கேஷ்' என்று கம்பெனிக் காசிலேயே அச்சாகித் திரும்பி வந்தது. மாட்டுக் கொம்பில் சல்லிக் காசைக் கட்டியதால்தான் சல்லிக்கட்டு என்று எங்கள் பக்கம் பெரியவர்கள் சொல்வார்கள்.

டச்சுக் காசு என்றதும் ஒரு வேடிக்கை. அந்தக் கம்பெனியின் பெயரில் முதல் மூன்று எழுத்து வி.ஓ.சி. அது ஒன்றின்மேல் ஒன்றாகப் பின்னிக் காசில் இருக்கும். என்னிடம் அதைப் பார்த்த ஒரு பையன், "தாத்தா, இது கப்பலோட்டிய தமிழன் விட்ட காசா?" என்று கேட்டான். சிரிக்காதீர்கள். அமெரிக்காவில் இதைவிடப் பெரிய கூத்து நடந்தது. இதே வி.ஓ.சி. காசை அங்கே 'நியூயார்க் பென்னி' என்று பெயர் வைத்து, நியூயார்க் டச்சுக்காரர் ஊராக இருந்தபோது புழங்கியது என்று சொல்லி விற்றார்கள். அந்த ஊர் டச்சுக்காரர் கையைவிட்டு ஆங்கிலேயரிடம் போனது 1664இல். காசுகளில் இருக்கும் ஆண்டோ 1700களைச் சேர்ந்தது. போதாக்குறைக்கு, அந்த ஊரை ஆண்டது மேற்கிந்தியக் கம்பெனி, வி.ஓ.சி. கிழக்கிந்தியக் கம்பெனி. காசிலேயே ஆண்டு அச்சாகியிருக்கிறது, அதைப் படித்துப் பார்க்காமல் வாங்கியிருக்கிறார்கள்!

இருந்தாலும், செப்புக் காசை எப்படிச் சேகரிக்க வேண்டும் என்று நாம் கற்றுக்கொள்ள வேண்டியது அதே அமெரிக்கர்களிடம்தான். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பிற்பாடு நம்ம ஊர்க் காசுக்கு வரும்போது இது தேவைப்படும்.

விடுதலை பெற்ற அமெரிக்கா 1793இல் பிலடெல்பியாவில் தன் முதல் செப்பு சென்டை அடித்தது. ஒரு பக்கம் தலைமுடி பறக்கும் பெண், சுதந்திர தேவி. மறு பக்கம் 15 வளையம் கோத்த சங்கிலி, மாநிலங்களின் ஒற்றுமைக்கு அடையாளமாம். 'விடுதலை வாங்கிய நாட்டுக் காசில் சங்கிலியா?' என்று ஜனங்கள் கேலி பேசினார்கள். சீக்கிரமே சங்கிலியை எடுத்துவிட்டு இலை வளையம் போட்டார்கள். மொத்தம் அடித்த சங்கிலிக் காசு 36,103. அன்றைக்கு அது வெறும் சென்ட். இன்றைக்கு நல்ல நிலையில் ஒன்று ஏலத்துக்கு வந்தால் நம்மில் பலருடைய பி.எப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்தாலும் கட்டாது.

நான் சொல்ல வந்தது விலையை அல்ல. அந்தக் காலத்தில் அச்சை எந்திரம் செய்யாது. ஒரு கம்மியன் உட்கார்ந்து எஃகில் கையால் செதுக்குவான். ஓர் அச்சு தேய்ந்தாலோ வெடித்தாலோ அடுத்ததைச் செதுக்குவான். இரண்டாவது அச்சில் முடி ஓர் இழை கூடும், எழுத்து ஒரு நூல் தள்ளும். இப்படி 1794 என்ற ஒரே ஆண்டில் மட்டும் ஐம்பதுக்கும் மேற்பட்ட அச்சு ஜோடிகள். வில்லியம் ஷெல்டன் என்ற மனோதத்துவப் பேராசிரியர் 1793 முதல் 1814 வரையிலான சென்டுகளை இப்படி அச்சு அச்சாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து 1949இல் புத்தகம் போட்டார். காசின் நிலைக்கு 1லிருந்து 70 வரை மார்க் போடுவதும் அவர் தொடங்கியதே. இன்றைக்கு உலகம் முழுக்க அந்த 70 மார்க்தான். 1967இல் இந்தச் செப்புக் காசுக்கென்றே அங்கே தனிச் சங்கம் ஆரம்பித்துவிட்டார்கள்.

ஷெல்டனைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அது ஒரு பக்கக் கதையாகிவிடும். அவர் 1977இல் இறந்தார். பிற்பாடுதான் தெரிந்தது, நியூயார்க்கில் நாணயவியல் சங்கத்தின் சேகரிப்பில் இருந்த நல்ல சென்டுகளை எடுத்துக்கொண்டு, அதே அச்சில் அடித்த மட்டமான காசை அந்த இடத்தில் வைத்திருக்கிறார்! எப்படிக் கண்டுபிடித்தார்கள்? காசுகளுக்குப் பழைய புகைப்படம் இருந்தது. ஒவ்வொரு காசின் கீறலையும் படத்தோடு ஒத்துப் பார்த்தார்கள். குறித்து வைத்ததால் திருட்டு பிடிபட்டது.

இந்த அமெரிக்க சென்டுக்கும் நம்ம மெட்ராஸுக்கும் ஒரு தாயாதி உறவு உண்டு என்றால் நம்புவீர்களா? பிலடெல்பியாவில் செப்புத் தகடு சரியாகக் கிடைக்காமல், 1797க்குப் பிறகு வெற்று வில்லைகளை இங்கிலாந்திலிருந்து வரவழைத்தார்கள். அனுப்பியவர் பர்மிங்ஹாம் பக்கத்தில் சோஹோ என்ற இடத்தில் நீராவி எந்திரம் வைத்துக் காசு அடித்த மேத்யூ போல்டன். அதே போல்டன்தான் 1803இல் சென்னை ராஜதானிக்குப் பத்து காசு, இருபது காசு எல்லாம் அடித்து அனுப்பியவர். ஒரு பக்கம் கம்பெனியின் சிங்கச் சின்னம், மறு பக்கம் பாரசீக எழுத்து, அடியில் ரோமன் எண்ணில் 'எக்ஸ் எக்ஸ் கேஷ்'. இருபது காசு சேர்ந்தால் நாலு பலூஸ் என்று அந்தப் பாரசீகம் சொல்கிறது. தமிழ்நாட்டுக் கீரைக்காரிக்குப் பாரசீகத்தில் கணக்கு!

1808இல் அடித்த இந்தக் காசுகளைப் பீப்பாய் பீப்பாயாக ஏற்றிக்கொண்டு 'அட்மிரல் கார்டனர்' என்ற கப்பல் சென்னைக்குக் கிளம்பியது. 1809 ஜனவரியில், இங்கிலாந்துக் கரையைத் தாண்டுவதற்குள்ளேயே கென்ட் கடற்கரைக்கு எதிரே குட்வின் மணல்திட்டில் மாட்டி மூழ்கியது. ஏறக்குறைய 50 டன் செப்புக் காசு. 1980களில் முக்குளிப்பவர்கள் இறங்கிப் பத்து லட்சத்துக்கும் மேலே எடுத்தார்கள். பீப்பாய்க்குள் நெருக்கமாக அடுக்கியிருந்ததால் பல காசுகள் இன்றைக்கு அடித்த மாதிரி இருக்கின்றன. நம்ம ஊர்க் கடைகளிலும் அந்தக் கப்பல் காசு கிடைக்கிறது. என்னிடமும் ஒன்று இருக்கிறது. அழகான காசுதான், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு என்னவோ அதன்மேல் ஒட்டுதல் வரவில்லை. ஒரு சந்தையையும் பார்க்காத காசு அது. ஒரு சுருக்குப் பையிலும் கிடக்கவில்லை. அதே ஆண்டில் அடித்து ஒழுங்காக மெட்ராஸ் வந்து சேர்ந்து, சிங்கத்தின் முகம் தேய்ந்து போகும் அளவுக்கு ஊர் சுற்றிய காசு ஒன்றும் வைத்திருக்கிறேன். 70க்குப் பத்து மார்க்தான் தேறும். கேட்டால் அதைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவேன்.

இனி நம்ம ஊருக்கு வருவோம்.

தமிழ்நாட்டுச் செப்புக் காசை யாரும் கவனிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 1880களில் திருமங்கலத்தில் இருந்த ட்ரேசி என்ற அமெரிக்கப் பாதிரியார் மதுரைப் பக்கத்துப் பாண்டியர் செப்புக் காசுகளைச் சேர்த்து எழுதினார். வேலூரில் இருந்த லோவந்தால் பாதிரியார் 1888இல் திருநெல்வேலிக் காசுகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நம்ம திருச்சி வக்கீல் டி. தேசிகாச்சாரி 1933இல் 'தென்னிந்திய நாணயங்கள்' என்று ஆங்கிலத்தில் ஒரு நல்ல புத்தகம் எழுதினார். 1980களில் தினமலர் ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி ஒரு சதுரச் செப்புக் காசில் தமிழ் பிராமி எழுத்தில் 'பெருவழுதி' என்று இருப்பதைப் படித்தார். சங்கப் பாட்டில் மட்டும் கேட்டிருந்த பாண்டியர் பெயர், கையில் பிடித்துப் பார்க்கிற செம்பில் இருந்தது! அதற்கு முன்பு அந்த மாதிரிச் சதுரக் காசுகள் எத்தனை எத்தனை எடைக்குப் போயிருக்கும் என்று நினைத்தால் வயிறு எரிகிறது. சேரர் வில்லம்பும், சோழர் புலியும், பாண்டியர் மீனும் ஆற்று மணலிலிருந்து இப்படித்தான் வந்தன.

பிற்காலத்தில் 'சோணாடு கொண்டான்' என்று தமிழிலேயே பெருமை பேசும் பாண்டியர் காசு உண்டு. ராஜராஜன் காசில் ஒரு பக்கம் ஆள் நிற்பார், மறு பக்கம் உட்கார்ந்திருப்பார். அதே உருவத்தை இலங்கை அரசர்களும் தங்கள் காசுக்கு எடுத்துக்கொண்டார்கள். மதுரை, திருச்சி நாயக்கர் காசு பலவற்றில் 'ஸ்ரீவீர' என்பதோடு சரி, எந்த நாயக்கர் என்று காசு வாயைத் திறக்காது. நவாப் காலத்தில் நம்ம திருச்சிக்கு நத்தர்நகர் என்று பேர். அந்தப் பேர் போட்ட செப்புக் காசும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு கூட்டம் போட்டுப் பேசலாம். நேரம் இல்லை. நான் பிடித்துக்கொள்வது ஒரே ஒரு காசு. அதுவும் உங்களில் பலருடைய வீட்டில் இன்றைக்கும் சாமி அலமாரியிலோ, பல்லாங்குழிப் பெட்டியிலோ கிடக்கும் காசு.

அம்மன் காசு. புதுக்கோட்டை அம்மன் காசு.

எங்கள் மருங்காபுரி ஜமீன் ஊர், திருச்சி ஜில்லா. கிழக்கே போனால் விராலிமலைச் சீமை. அது தொண்டைமான் ராஜ்ஜியமான புதுக்கோட்டை. 1948 மார்ச்சில் புதுக்கோட்டை இந்தியாவோடு இணைந்து நம்ம ஜில்லாவில் சேரும் வரைக்கும் அது வேறு அரசு, வேறு சர்க்கார். ஆனால் மாட்டுக்கும் எல்லை தெரியாது, காசுக்கும் தெரியாது. எங்கள் பாட்டி காலத்தில் அந்தக் காசு எங்கள் சந்தையிலும் சாதாரணம்.

காசு சின்னது. மிளகாய் வற்றலின் காம்புப் பக்கம் அளவுதான் இருக்கும். எடை ஒன்றேகால் கிராம் சுமார். ஒரு பக்கம் திருக்கோகர்ணம் பிரகதாம்பாள் உட்கார்ந்திருப்பாள். தொண்டைமான் மன்னர்கள் தங்களை அவளுடைய தாசர் என்றே சொல்லிக்கொண்டவர்கள். மறு பக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய'. 1750களில் திருச்சிக் கோட்டைக்காக நடந்த சண்டையில் கிடைத்த வெற்றியைச் சொல்கிறது என்பார் ஒரு சாரார். விஜய ரகுநாதத் தொண்டைமான் என்ற மன்னர் பெயரின் முதல் சொல் என்பார் இன்னொரு சாரார். எனக்குப் பின்னது பொருத்தமாகப் படுகிறது; தெலுங்கில் எழுதுவது அந்தக் காலத்து நம்ம பாளையங்கள் எல்லாவற்றிலும் வழக்கம். 20 காசு சேர்ந்தால் ஓரணா. அப்படியானால் ரூபாய்க்கு 320. தம்பிடியைவிடச் சின்னது, ஓரணாவுக்கு 12 தம்பிடி அல்லவா? நவராத்திரியில் அரண்மனையில் அரிசி கொடுக்கும்போது இந்தக் காசையும் சேர்த்துக் கொடுப்பார்கள்.

இதில் இரண்டு வகை. 1889க்குப் பிறகு வந்தது மெஷினில் அடித்தது. வட்டம் சுத்தமாக இருக்கும், அம்மன் முகம் தெளிவாக இருக்கும், ஒன்றைப் போலவே அடுத்தது. அதற்கு முந்தியது கையால் அடித்தது. அடி அச்சு கட்டையில் பதித்திருக்கும், மேல் அச்சைக் கையில் பிடித்துச் சம்மட்டியால் ஒரே போடு. செப்பு வில்லை அச்சைவிடச் சின்னது. அதனால் ஒரு காசில் அம்மன் தலை விழும், கால் விழாது. இன்னொன்றில் 'விஜ' விழும், 'ய' வெளியே போய்விடும். சேகரிப்பவர்கள் பலர் மெஷின் காசு ஒன்று, கைக்காசு ஒன்று எடுத்து ஆல்பத்தில் வைத்துவிட்டு, "அம்மன் காசு முடிஞ்சுது" என்று அடுத்த பக்கம் திருப்பிவிடுகிறார்கள்.

அங்கேதான் வேலையே ஆரம்பிக்கிறது என்கிறேன் நான். கைக்காசு நூறு எடுத்து வரிசையாக வைத்துப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஒன்றில் அம்மன் கிரீடம் மூன்று புள்ளி, ஒன்றில் கூம்பு. ஒன்றில் 'வி'யின் சுழி பெரிதாக, ஒன்றில் ஒட்டி. ஒவ்வொன்றும் வேறு வேறு கை செதுக்கிய அச்சு. நாலு காசில் நாலு துண்டாக விழுந்ததைச் சேர்த்தால் ஓர் அச்சின் முழு உருவமும் வந்துவிடும், வெட்டிப் போட்ட படத்தைக் குழந்தைகள் சேர்ப்பது மாதிரி. அச்சு வெடித்தால் அந்த வெடிப்பு காசில் மேடான கோடாக விழும். முதலில் மயிரிழை, அடிக்க அடிக்க நீளும். எது முதலில் அடித்தது, எது பிறகு என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம். ஷெல்டன் அமெரிக்க சென்டுக்குச் செய்தது இதைத்தான். ஆண்டு போடாத காசுக்கு இதைவிட்டால் வேறு ஜாதகம் கிடையாது.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு கலயம். 1988 என்று நினைவு. எங்கள் ஊருக்கும் துவரங்குறிச்சிக்கும் நடுவில் ஒரு கிராமத்தில் பழைய மண் வீட்டைப் பிரித்துக் கடைக்கால் தோண்டும்போது அடுப்படித் தரைக்குக் கீழே ஒரு மண் கலயம் வந்திருக்கிறது. நிறையச் செப்புக் காசு. தங்கம் இல்லை என்று தெரிந்ததும் வீட்டுக்காரருக்கு உற்சாகம் போய்விட்டது. மூன்று கிலோவுக்குக் குறையாதாம். பழைய பித்தளை, செம்பு எடுக்கும் கடையில் எடைக்குப் போட்டுவிட்டார். சேதி எனக்கு வந்து நான் சைக்கிளில் போவதற்குள் எட்டு நாள். கடைக்காரர் நல்ல மனுஷர்; "அது அப்பவே மூட்டையோட போயிருச்சுங்களே" என்று சொல்லி, தராசுத் தட்டிலும் சாக்கு மடிப்பிலும் தங்கியதைக் கூட்டி அள்ளிக் கொடுத்தார். 61 காசு.

அந்த 61இல் 54 கையால் அடித்த அம்மன் காசு. மூன்று நாயக்கர் காசு. இரண்டு தரங்கம்பாடி டேனிஷ்காரர் காசு, அவர்கள் ராஜாவின் முதலெழுத்து முடியோடு இருக்கிறது. இரண்டு தேய்ந்து ஒன்றும் தெரியவில்லை. மெஷின் காசு ஒன்றுகூட இல்லை. 54 அம்மன் காசில் ஏழு ஒரே அச்சு. வெடிப்பு ஏழிலும் படிப்படியாக நீளுகிறது. கொஞ்சமும் தேயவில்லை. ஊர் சுற்றிப் பல கை மாறி வந்த காசு இப்படி ஒரே அச்சாகச் சேராது. அடித்த சூட்டோடு யாரோ ஒருவர் மொத்தமாக வாங்கி வந்திருக்க வேண்டும். நவராத்திரிக்குப் புதுக்கோட்டை போய்வந்த ஆளா? தொண்டைமான் சீமையில் எருது விற்றவரா? மூன்று கிலோவும் இருந்திருந்தால் இரண்டாயிரம் காசுக்கு மேலே. எத்தனை அச்சு, எது முந்தி எது பிந்தி, எல்லை தாண்டி எந்தக் காசு எத்தனை வந்தது, எல்லாவற்றுக்கும் அந்தக் கலயத்திலேயே பதில் இருந்திருக்கும். உருக்கினால் செம்பு மூன்று கிலோ. அவ்வளவுதான்.

அந்த வீட்டுக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கு யார் சொன்னார்கள்? 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்றைக்கும் இருக்கிறது. மண்ணுக்குள் மறைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறும் என்றால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம், தாசில்தாரிடம் சொன்னாலே போதும், மேலே போகும். "சொன்னா வீட்டைத் தோண்டிப் போட்ருவாங்க" என்று ஒரு பயம் எங்கள் பக்கம் உண்டு. செப்புக் காசுக்காக யாரும் வீட்டைத் தோண்ட மாட்டார்கள் ஐயா. மியூசியத்தில் ஓர் உறையில் ஊர்ப் பெயரோடு அது உட்கார்ந்திருக்கும். புதுக்கோட்டை மியூசியம் 1910இலிருந்து இருக்கிறது, ஒரு நாள் பேரப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் நண்பர்களுக்கும் ஒரு சேதி. காலையில் காபி சாப்பிடும்போது ஒருவர், "அம்மாவோட அம்மன் காசு பத்து இருக்கு, திரும்பிப் போறப்ப கொண்டு போறேன்" என்றார். நூறு வயதுக்கு மேற்பட்ட நாணயம் தொல்பொருள். 1972ஆம் வருஷச் சட்டப்படி தனி ஆள் அதை நாட்டைவிட்டு வெளியே கொண்டு போகக் கூடாது. தங்கையிடமோ அண்ணன் மகனிடமோ கொடுத்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போங்கள்.

அடுத்தது சகோதரிகளிடம் ஒரு விண்ணப்பம். தீபாவளிக்கு முந்தி செம்புப் பாத்திரம் விளக்கும்போது காசையும் சேர்த்துப் புளி போட்டு விளக்கிவிடுகிறீர்கள். பளபள என்று வரும், நியாயம்தான். புளியின் அமிலம் களிம்பை மட்டும் எடுப்பதில்லை; அடியில் இருக்கிற எழுத்தையும் கொஞ்சம் சேர்த்துத் தின்றுவிடும். கெட்டியாக, வழவழவென்று கரும்பச்சையாகவோ பழுப்பாகவோ படிந்திருப்பது காசுக்குப் போர்வை மாதிரி, அதைத் தொட வேண்டாம். வெளிறிய பச்சையில் மாவாக உதிர்ந்தால் அது வியாதி. செம்புக்குள் உப்பு இறங்கியிருக்கிறது. மழைக்கால ஈரத்தில் பரவும். அந்தக் காசைத் தனியே பிரித்து, பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீரில் பல நாள் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி, நன்றாக உலர்த்தி வையுங்கள். கடையில் விற்கும் மெத்தென்ற பிளாஸ்டிக் உறை வேண்டாம், நாளாவட்டத்தில் அதுவே பச்சைப் பிசினைக் கக்கும். சாதாரணக் காகித உறை போதும்.

அந்த உறைமேல் எழுதுங்கள். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். எந்த ஊர், யார் வீடு, எந்த ஆறு, எந்த வருஷம், எத்தனை காசோடு சேர்ந்து கிடைத்தது. விலை எழுதுவதற்கு மட்டும் பென்சிலைத் தேடுகிறவர்கள் உண்டு. ஊர் தெரியாத பெருவழுதிக் காசைவிட ஊர் தெரிந்த அம்மன் காசு எனக்கு உசத்தி. இன்னொரு காரணமும் இருக்கிறது: போலி. சங்க காலக் காசுக்கு விலை ஏறியதும் வார்ப்புக் காசுகள் வந்துவிட்டன. அச்சில் அடித்த காசில் எழுத்தின் விளிம்பு கூராக நிற்கும். வார்த்த காசில் சோப்பு மாதிரி வழுக்கும், சிறு கொப்புளம் இருக்கும், ஓரத்தில் அரம் போட்ட தடம் இருக்கும். ஒரே இடத்தில் ஒரே சிதைவோடு இரண்டு காசு கண்டால் இரண்டையும் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுங்கள்.

என் கோரிக்கை பெரிதல்ல. நம்ம கல்லூரியில் திருச்சி, புதுக்கோட்டை, கரூர், பெரம்பலூர் என்று நாலு திசையிலிருந்தும் படித்தவர்கள் இருக்கிறோம். இந்த மண்டபத்தில் இருக்கும் வீடுகளில் மட்டும் தேடினால் கையால் அடித்த அம்மன் காசு ஆயிரம் தேறும் என்பது என் கணக்கு. யாரும் காசை எனக்குத் தர வேண்டாம், விற்கவும் வேண்டாம். கையில் இருக்கிற போனில் இரண்டு பக்கமும் படம், நகைக்கடைத் தராசில் எடை, ஊர்ப் பெயர். சரித்திரத் துறை மாணவர்கள் இரண்டு பேர், கம்ப்யூட்டர் தெரிந்த மாணவர் ஒருவர் கிடைத்தால் அச்சு அச்சாகப் பிரித்துவிடலாம். துறைத் தலைவர் முன் வரிசையில்தான் இருக்கிறார். தலையாட்டினார், நான் பார்த்துவிட்டேன்.

அந்த 61 காசையும் பின்னால் ஜன்னலோர மேஜையில் வைத்திருக்கிறேன். ஒரே அச்சில் அடித்த ஏழும் தனி வரிசையில், வெடிப்பு நீளும் ஒழுங்கில் இருக்கின்றன. பக்கத்தில் பூதக்கண்ணாடி இருக்கிறது. குழந்தைகள் முதலில் பார்க்கட்டும், அவர்களுக்குத்தான் கண் நன்றாகத் தெரியும். ஓரத்தைப் பிடித்து எடுங்கள், முகத்தில் விரல் வைக்க வேண்டாம். சாப்பிட்டுவிட்டு வருகிறவர்கள் தயவுசெய்து கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வரவும். இன்றைக்கு மெனுவில் புளியோதரை என்று கேள்வி.